கொழும்பு அட்டவணையைத் திருகோணமலையிலிருந்து வினவும்போது

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் நிலைமை இது. கட்டடப் பொருள் மொத்த வியாபாரம் ஒன்றின் திருகோணமலைக் கிளையில் கணினிப் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. கிளையில் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இயங்கும் ஒரு தரவுத்தளமும் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இன்னொன்றும் ஓடுகின்றன. போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ என்ற நீட்சியை (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் கூறு) நிறுவி, கொழும்பிலுள்ள இருப்பு அசைவு அட்டவணை கிளையின் சொந்த அட்டவணை போலத் தெரியும்படி செய்துவிட்டீர்கள். கடந்த 30 நாள் அசைவைக் காட்டும் அறிக்கை கொழும்பில் இரண்டு மூன்று வினாடியில் வந்துவிடுகிறது; அதையே இங்கிருந்து கேட்டால் பல நிமிடங்கள் ஆகின்றன, சில நாள்களில் பாதியிலேயே அறுந்தும் போகிறது. டிபிலிங்க் என்ற பழைய நீட்சிக்கு மாறலாமா, அல்லது வேகமான இணைய இணைப்பு எடுத்துத் தரும்படி முதலாளியிடம் கேட்கலாமா என்று இரண்டு வழிகளை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் முன்னால் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வினவலில் எந்த வேலை கொழும்பில் நடக்கிறது, எந்த வேலை இங்கே நடக்கிறது? அது தெரியாதவரை நீட்சியை மாற்றினாலும் பயனில்லை, இணைப்பை மாற்றினாலும் பணம்தான் செலவு.

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கங்களிலும் சிறு நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது பல ஆண்டுகளாக என் தொழில். கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையில் இந்த நீட்சியைப் போட்டு ஓட்டிய அனுபவமும் உண்டு. என்றாலும் உங்கள் வினவலை நீங்கள் முழுமையாகத் தரவில்லை. இரு பக்கத்துப் பதிப்பு எண்களையும் குறிப்பிடவில்லை. ஆகவே நீட்சி எவ்வாறு இயங்குகிறது என்று கீழே சொல்பவை உறுதியானவை. உங்கள் அறிக்கை தாமதமாவதற்குக் காரணம் இதுதான் என்று சொல்லும் இடங்கள் ஊகம். இரண்டையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். வெளியே இருக்கும் தரவை உள்ளூர் அட்டவணையின் தோற்றத்தில் கையாளும் முறை தரவுத்தளங்களை வினவும் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் 9ஆம் பகுதியில் வரையறுக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸ் 2011இல் வெளியான 9.1 பதிப்பில் வெளி அட்டவணைகளை வாசிப்புக்கு மட்டும் அனுமதித்தது. 2013இல் வந்த 9.3 பதிப்பில்தான் இன்னொரு போஸ்ட்கிரெஸ் சேவையகத்தோடு பேசும் இந்த நீட்சியும், வெளி அட்டவணையில் எழுதும் வசதியும் சேர்ந்தன. நீட்சியை உருவாக்குதல், கொழும்புச் சேவையகத்தை அறிவித்தல், இங்குள்ள பயனரை அங்குள்ள பயனரோடு பொருத்துதல், அட்டவணைகளை இறக்குமதி செய்தல் ஆகிய படிகளில் எதுவும் கொழும்பிலிருந்து ஒரு நிரையைக்கூட (அட்டவணையின் ஒரு கிடைவரி) இங்கே கொண்டுவருவதில்லை. அவை வரையறைகளை மட்டுமே பதிந்து வைக்கின்றன. நீங்கள் வினவும் ஒவ்வொரு தடவையும் இங்குள்ள திட்டமிடுவான் (வினவலை எப்படி நிறைவேற்றுவது என்று முடிவுசெய்யும் பகுதி) உங்கள் வினவலைப் பிரித்து, கொழும்புக்கு அனுப்பத்தக்க பகுதி எது என்று தீர்மானித்து, அந்தப் பகுதிக்கு ஒரு புதிய எஸ்கியூஎல் வாக்கியத்தை எழுதி அனுப்புகிறது. மிச்சத்தை, வந்து சேர்ந்த நிரைகளின்மேல் இங்கே செய்கிறது. அனுப்பத்தக்க பகுதி பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் நிபந்தனைகள் மட்டுமே போயின. 2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து ஒரே சேவையகத்திலுள்ள இரு அட்டவணைகளின் இணைப்பும் வரிசைப்படுத்தலும் அங்கேயே நடக்கும். 2017இன் 10ஆம் பதிப்பிலிருந்து கூட்டுத்தொகை, எண்ணிக்கை போன்றவையும் அங்கேயே நடக்கும். இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இங்குள்ள கிளைச் சேவையகத்தின் பதிப்புத்தான். கொழும்பிலிருப்பது 8.3 அளவுக்குப் பழையதாக இருந்தாலும் நீட்சி அதனுடன் பேசும்.

எது அனுப்பப்படுகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம். வினவலின் முன்னால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் வெர்போஸ் என்று சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்கள். வருகின்ற திட்டத்தில் ‘ஃபாரின் ஸ்கேன்’ என்ற கணுவின் கீழ் ‘ரிமோட் எஸ்கியூஎல்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். கொழும்புக்குப் போன வாக்கியம் சொல்லுக்குச் சொல் அதுதான். அதே கணுவின் கீழ் ‘ஃபில்டர்’ என்று தனியாக ஒரு வரி இருந்தால், அதிலுள்ள நிபந்தனை கொழும்புக்குப் போகவில்லை, நிரைகள் இங்கு வந்தபின் சலிக்கப்படுகின்றன என்று பொருள். அதை ஒட்டி ‘ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்’ என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அத்தனை நிரைகள் கொழும்பிலிருந்து புறப்பட்டு, வலையமைப்பு முழுவதையும் கடந்து, இங்கு வந்து குப்பையில் விழுந்திருக்கின்றன.

இனி ஊகம், ஆனால் பணம் வைத்துச் சொல்லக்கூடிய ஊகம். ‘கடந்த 30 நாள்’ என்பதை நீங்கள் நவ்() என்ற செயற்கூற்றிலிருந்து 30 நாளைக் கழித்து எழுதியிருப்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுவார்கள், உள்ளூர் அட்டவணையில் அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த நீட்சி, எந்த நேரத்திலும் எந்த அமர்விலும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தரும் செயற்கூறுகளை மட்டுமே தொலைவுக்கு அனுப்பும். நவ்() அப்படிப்பட்டதல்ல. இரண்டு சேவையகங்களின் கடிகாரங்களும் ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதபடியால், அந்த நிபந்தனையை இங்கேயே வைத்துக்கொண்டு, நிபந்தனையில்லாத வாக்கியம் ஒன்றையே நீட்சி அனுப்புகிறது. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து பதிவான எல்லா அசைவுகளும் இங்கு வந்து சேர்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் துறை கடந்த காலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்வதானால், ஒரு மூட்டை சீமெந்து வேண்டியவர் அக்கரைக் கடை முழுவதையும் பாதையில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து, இங்கே நின்று தெரிவு செய்வதற்கு ஒப்பான வேலை இது.

இதற்கான மாற்று சிறியது. நேரக் கணக்கை அடைப்புக்குள் ஒரு துணை வினவலாக எழுதுங்கள்: அசைவு நேரம் பெரியது (செலெக்ட் நவ்() கழித்தல் 30 நாள்) என்ற வடிவில். அப்போது திட்டமிடுவான் அந்தத் துணை வினவலை இங்கே ஒரே ஒரு தடவை கணித்து, விடையை ஓர் அளவுருவாகக் கொழும்புக்கு அனுப்பும். ‘ரிமோட் எஸ்கியூஎல்’ வரியில் நிபந்தனையின் வலப்பக்கம் டொலர் அடையாளத்துடன் 1 என்ற எண் தெரியும்; ‘ஃபில்டர்’ வரி மறைந்துவிடும். கொழும்பில் அந்த நேர நிரலுக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) விரைவாகத் தேட உதவும் சுட்டி ஒன்று இருந்தால் அதுவும் அப்போதுதான் பயன்படத் தொடங்கும். உங்கள் செயலி நேரத்தைத் தானே கணித்து ஒரு மாறா மதிப்பாக அனுப்பினாலும் இதே பலன் கிடைக்கும். நீங்களே எழுதிய செயற்கூறுகளும், வேறு நீட்சிகள் தரும் செயற்கூறுகளும் இதே காரணத்தால் இங்கேயே நின்றுவிடும். பின்னவற்றைச் சேவையக அறிவிப்பிலுள்ள ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ தெரிவில் குறிப்பிட்டால் அனுப்பப்படும், ஆனால் அந்த நீட்சி இரு பக்கத்திலும் ஒரே விதமாக நிறுவப்பட்டிருப்பது உங்கள் பொறுப்பு.

நிபந்தனை சரியாகப் போன பின்பும் தாமதம் இருந்தால் அடுத்துப் பார்க்கவேண்டியது ஃபெட்ச்_சைஸ் என்ற தெரிவு. அறிக்கை ஓடும் வேளையில் கொழும்பிலுள்ள ஒருவரைக் கொண்டு அங்குள்ள பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி காட்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வினவல் பெரும்பாலும் அதில் தெரியாது. ‘ஃபெட்ச் 100 ஃப்ரம் சி1’ என்ற ஒரு வரி திரும்பத் திரும்பத் தெரியும். நீட்சி அங்கே ஒரு கர்சரைத் திறந்து, அதிலிருந்து 100 நிரைகள் வீதம் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு போக்குவரத்து. கணக்குப் பார்ப்போம். இங்கிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்ப 25 மில்லிவினாடி ஆகிறது என்றும், அறிக்கைக்கு 2 இலட்சம் நிரைகள் தேவை என்றும் வைத்துக்கொண்டால், 2,000 போக்குவரத்துகள், அதாவது காத்திருப்பு மட்டும் 50 வினாடி. ஃபெட்ச்_சைஸை 5,000 ஆக்கினால் 40 போக்குவரத்துகளில் முடியும். காத்திருப்பு 1 வினாடி. நிரைகள் கம்பியில் பயணிக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான், அது குறையாது. தெரிவைச் சேவையகம் முழுமைக்கும் இடலாம், ஓர் அட்டவணைக்கு மட்டும் இடலாம். மிகப் பெரிய எண்ணை இட்டால் அத்தனை நிரைகளும் ஒரே வேளையில் கிளைச் சேவையகத்தின் நினைவகத்தில் நிற்கும். படங்களையோ நீண்ட குறிப்புகளையோ கொண்ட அட்டவணை என்றால் அடக்கமாக இருங்கள்.

உங்கள் இரண்டாவது யோசனைக்கு விடையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒளியிழையில் ஒளி ஏறத்தாழ வினாடிக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. கொழும்பு வீதி வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். தூரம் மட்டும் என்றால் போய்வர 3 மில்லிவினாடிகூட ஆகாது. மீதி நேரத்தை எடுப்பவை இடையிலுள்ள வழிப்படுத்திகளும், பெரும்பாலும் கடைசித் துண்டான கம்பியில்லா இணைப்பும். விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று விளம்பரத்தில் வரும் எண்ணை இரட்டிப்பாக்கினால் போக்குவரத்து நேரம் பாதியாகும் என்ற நியதி இல்லை. 4ஜி வழிப்படுத்தியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் அது குறைய நல்ல வாய்ப்புண்டு. அதே ஃபைபரில் பெரிய பொதியை வாங்கினால் அநேகமாகக் குறையாது. முதலாளியிடம் போகுமுன் ஒரு நாளில் வெவ்வேறு வேளைகளில் பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) செய்து குறித்துக்கொள்ளுங்கள், கையில் ஓர் ஆதாரமாவது இருக்கும்.

கர்சரைப் பற்றி இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஒரு வினவல் கர்சர் வழியாக வரும்போது, கேட்பவர் முழு விடையையும் எடுக்கமாட்டார், முதல் பத்தில் ஒரு பங்கு விரைவாகக் கிடைத்தால் போதும் என்று கொழும்புத் திட்டமிடுவான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதனால் முதல் நிரை விரைவாகவும் முழு விடை மெதுவாகவும் வரும் திட்டத்தை அது தெரிவு செய்யக்கூடும். கர்சருக்குள் இணையாக்கச் செயற்பாடும் (ஒரே வினவலைப் பல செயன்முறைகள் பகிர்ந்து செய்வது) நடப்பதில்லை. கொழும்பில் நேரடியாக ஓட்டினால் மூன்று வினாடி, அதே வாக்கியம் இங்கிருந்து போனால் அங்கேயே முப்பது வினாடி என்ற புதிர் இப்படித்தான் வருகிறது. வலையமைப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருப்பவர்கள் பலர். கிளை பயன்படுத்தும் பயனருக்குக் கொழும்பில் கர்சர்_டியூப்பிள்_ஃபிராக்‌ஷன் என்ற அமைப்பை 1 என்று இட்டுவிட்டால் முதல் சிக்கல் தீரும். இணையாக்கம் இல்லாததற்கு இந்த நீட்சிக்குள் மருந்து இல்லை.

உங்கள் அறிக்கையில் உள்ளூர் அட்டவணை ஒன்றும் சேர்கிறதா என்பதை நீங்கள் சொல்லவில்லை. சேர்கிறதென்றால் அதுதான் முழுக் கதையாகவும் இருக்கலாம். இங்குள்ள 40 பொருள்களுக்கு மட்டும் கொழும்பு இருப்பைக் கேட்க, உள்ளூர்ப் பொருள் அட்டவணையையும் கொழும்பு அசைவு அட்டவணையையும் இணைத்து எழுதினால், இயல்பு அமைப்பில் நீட்சி கொழும்பு அட்டவணையை முழுவதுமாக இழுத்துவந்து இங்கே இணைக்கும். யூஸ்_ரிமோட்_எஸ்டிமேட் தெரிவை இயக்கினால், ஒவ்வொரு பொருள் எண்ணாக அனுப்பிக் கேட்கும் திட்டத்தையும் திட்டமிடுவான் பரிசீலிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை திட்டமிடும்போதும் கொழும்பிடம் மதிப்பீடு கேட்கப் போகும் போக்குவரத்துகள் கூடும். எனக்குப் பிடித்த வழி வேறு: உள்ளூர்ப் பொருள் எண்களை ஓர் அணியாகத் திரட்டும் துணை வினவலை எழுதி, கொழும்பு நிரல் அந்த அணியிலுள்ள ஏதேனும் ஒன்றுக்குச் சமம் என்று கேட்பது. அணி முழுவதும் ஒரே அளவுருவாகப் போகும். 40 பொருளின் நிரைகள் மட்டும் திரும்பும். பார்க்க அழகாக இராது, ஆனால் தானியங்கித் திட்டத்தை நம்பி இருப்பதைவிட நிம்மதியாக இருக்கலாம். இதோடு, திட்டமிடுவானுக்கு வேண்டிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளை வெளி அட்டவணைகளுக்குத் தானாக ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்களே அவ்வப்போது ஓட்டவேண்டும். 16ஆம் பதிப்புக்கு முன் அதுவே அட்டவணை முழுவதையும் இழுத்துவரும், ஆகவே இரவில் ஓட்டுங்கள்.

இப்போது டிபிலிங்க். அது இந்த நீட்சியைவிடப் பழையது, எளியது: நீங்கள் எழுதிய எஸ்கியூஎல் சரத்தை அப்படியே கொழும்புக்கு அனுப்பி, விடையை முழுவதுமாக வாங்கித் தருகிறது. திட்டமிடுவான் குறுக்கிடுவதில்லை, கர்சர் இல்லை, ஆகவே மேலே சொன்ன இரண்டு சிக்கல்களும் அதில் வரா. சரத்துக்குள் நவ்() இருந்தால் அது கொழும்பிலேயே கணிக்கப்படும். விலை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் விடையின் நிரல்களையும் வகைகளையும் கையால் அறிவிக்கவேண்டும். சரத்துக்கு வெளியே எழுதும் எந்த நிபந்தனையும் விடை முழுவதும் இங்கே வந்தபின்தான் செயற்படும். பயனர் தரும் மதிப்புகளைச் சரத்துக்குள் ஒட்டும்போது ஊடுருவலுக்கு வாசல் திறந்துவிடாமல் பார்க்கவேண்டும். மாறாத வடிவமுள்ள ஓர் அறிக்கைக்கு டிபிலிங்க் நல்ல கருவிதான். ஆனால் அதே பலனை இன்னும் துப்பரவாகத் தரும் வழி ஒன்று உண்டு: அறிக்கைக்கு வேண்டிய கூட்டுத்தொகையைக் கொழும்பிலேயே ஒரு காட்சியாக (பெயரிட்டுச் சேமித்த வினவலாக) வரையறுத்து, அந்தக் காட்சியின்மேல் இங்கே வெளி அட்டவணையை அமைப்பது. காட்சிக்குள் இருப்பதெல்லாம் கொழும்பில்தான் நடக்கும். கொழும்பிலுள்ள நிர்வாகி ஒத்துழைப்பார் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அந்தக் காட்சியை எழுதும்போது நேர வலயத்தில் கவனம் வேண்டும். இந்த நீட்சி திறக்கும் தொலை அமர்வில் நேர வலயம் கிரீனிச் நேரத்துக்கு மாற்றப்படுகிறது. இரு பக்கத்து அமைப்புகளும் வேறுபட்டாலும் மதிப்புகள் பிழையின்றிப் போய்வரவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. ஆகவே காட்சிக்குள் ‘இன்றைய திகதி’ என்று எழுதியிருந்தால், இங்கிருந்து கேட்கும்போது நள்ளிரவிலிருந்து விடியற்காலை 5.30 வரை அது நேற்றைய திகதியையே தரும். கொழும்பில் நேரடியாகப் பார்ப்பவருக்குச் சரியாகவே தெரியும். அதிகாலையில் கடை திறக்குமுன் அறிக்கை அச்சிடும் இடங்களில் இது ஒருநாள் பிசகாக வந்து நிற்கும், யாருக்கும் காரணம் பிடிபடாது. காட்சிக்குள் ‘ஏசியா/கொழும்பு’ வலயத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு நேரத்தை மாற்றிய பின்னரே திகதியை எடுக்க வேண்டும். தொலை அமர்வில் தேடல் பாதையும் அமைப்பு அட்டவணைகளுக்கு மட்டும் சுருக்கப்படுகிறது; கொழும்பில் பதிவு இடும்போது தானாக ஓடும் ட்ரிகர் செயற்கூறுகள் ஸ்கீமாப் பெயர் (அட்டவணைகள் அடங்கிய தொகுதியின் பெயர்) இல்லாமல் அட்டவணைகளை அழைத்தால், அங்கே நன்றாக ஓடும் பதிவு, இங்கிருந்து இட்டால் ‘அட்டவணை இல்லை’ என்று விழும்.

நீங்கள் வாசிப்பைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் வாசிக்க முடிந்தவர் விரைவில் எழுதவும் தொடங்குவார், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். தானாக ஏறும் பதிவு எண் உள்ள அட்டவணையில் இங்கிருந்து ஒரு நிரையை இட்டால், நீங்கள் குறிப்பிடாத அந்த நிரலுக்கு நீட்சி வெறுமதிப்பை அனுப்பும். கொழும்பு அதை மறுக்கும். எண் நிரல் இல்லாத இன்னொரு வெளி அட்டவணையை அதே கொழும்பு அட்டவணையின்மேல் அமைத்து, இடுவதற்கு அதைப் பயன்படுத்துவது வழக்கமான தீர்வு. ஏற்கெனவே இருந்தால் திருத்து என்ற வகை ‘ஆன் கொன்ஃபிளிக்ட்’ வாக்கியம் வெளி அட்டவணையில் இயங்காது. பல நிரைகளை இடும்போது ஒவ்வொன்றும் ஒரு போக்குவரத்து; 2021இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் பேட்ச்_சைஸ் தெரிவை 500 என்பதுபோல் உயர்த்தி இதைக் குறைக்கலாம்.

எழுதுவதில் கடுமையான வரம்பு பரிவர்த்தனையில் இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் இங்குள்ள அட்டவணையையும் கொழும்பு அட்டவணையையும் மாற்றினால், இரண்டும் சேர்ந்து நிலைபெறும் அல்லது சேர்ந்து விழும் என்ற உறுதி கிடையாது. இந்த நீட்சி இருகட்ட உறுதிப்பாட்டை ஆதரிப்பதில்லை. முதலில் கொழும்பில் உறுதி செய்யப்படும், பிறகு இங்கே. அந்தச் சிறு இடைவெளியில் கிளைச் சேவையகம் கரண்ட் போய் விழுந்தால், கொழும்பில் சரக்கு அனுப்பப்பட்டதாகவும் இங்கே வந்து சேராததாகவும் கணக்கு நிற்கும். அரிதாக நடப்பதுதான், ஆனால் இருப்புக் கணக்கில் அரிதாக நடப்பதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம். கிளைகளுக்கிடையிலான சரக்கு மாற்றத்தை இந்த நீட்சி வழியாக நேரடியாக எழுத நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இங்கே ஒரு வெளிச்செல் அட்டவணையில் பதிந்து, தனிச் செய்நிரல் ஒன்று அதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, ஒப்புகை வந்தபின் குறியிடுவதே பொருத்தம். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்துவமான அடையாளம் இருந்தால், இரண்டாம் தடவை போனாலும் கொழும்பு அதைத் தள்ளிவிடும்.

பாதியில் அறுந்து போவதைப் பற்றி. விடை வந்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், வந்தது வரை வைத்துக்கொண்டு தொடரும் ஏற்பாடு இல்லை. முழு வினவலும் விழும். நிமிடக் கணக்கில் ஓடுவதை வினாடிக் கணக்குக்குக் கொண்டுவந்தால் அறுவதற்கான வாய்ப்பும் அதே அளவில் குறையும். காலையில் முதல் வினவல் மட்டும் தொங்கி நிற்கிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம்: நீட்சி ஓர் அமர்வில் திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருக்கும், இடையிலுள்ள வழிப்படுத்தி நெடுநேரம் அசையாத இணைப்பைச் சொல்லாமல் மறந்துவிடும். சேவையக அறிவிப்பில் கீப்அலைவ்ஸ்_ஐடில் தெரிவை 60 வினாடி அளவிலும், கனெக்ட்_டைம்அவுட்டைப் 10 அளவிலும் இடுங்கள். 14ஆம் பதிப்பு முதல், அறுந்த இணைப்பை அடுத்த பரிவர்த்தனையின் தொடக்கத்தில் கண்டால் நீட்சி தானே மறுபடி திறக்கும்; அதற்கு முந்திய பதிப்பில் அந்த முயற்சி பிழையாக முடியும். இங்கே ஒரு பரிவர்த்தனையைத் திறந்து அறிக்கையைப் பார்த்துவிட்டு, மூடாமல் தேநீர் குடிக்கப் போனால், கொழும்பிலும் ஒரு பரிவர்த்தனை அதே நேரம் முழுவதும் திறந்து நிற்கும், அங்கே பழைய நிரைகளைத் துப்பரவாக்கும் வெக்யூம் வேலையும் அதனால் தடைப்படும். கொழும்பு நிர்வாகிக்குக் கோபம் வரும் இடம் இது.

மாரி காலத்தில் இங்கே இணைப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே காசாளர் மேசையில் நடக்கும் எந்த வேலையும், விலை பார்ப்பதும் பில் போடுவதும் உட்பட, வெளி அட்டவணையைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தரவு இங்கேயே வேண்டும். ஒரு மணிக்கொரு தடவை புதுப்பித்தால் போதும் என்றால், வெளி அட்டவணையின்மேல் பொருளாக்கிய காட்சி (விடையைச் சேமித்து வைக்கும் காட்சி) ஒன்றை இங்கே அமைத்து, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரொன் மூலம் புதுப்பியுங்கள். அதில் தனித்துவச் சுட்டி ஒன்று இருந்தால் வாசிப்பவரைத் தடுக்காமல் புதுப்பிக்கலாம், இணைப்பு இல்லாத வேளையில் புதுப்பிப்பு மட்டும் தவறும், பழைய தரவு நிலைத்திருக்கும். உடனுக்குடன் வேண்டுமென்றால் 10ஆம் பதிப்பிலிருந்து உள்ளே கட்டப்பட்டிருக்கும் தர்க்கரீதியான பிரதியாக்கம் (மாற்றங்களை நடக்க நடக்க மற்றச் சேவையகத்துக்கு அனுப்புவது) இதைவிடப் பொருத்தம். ஆனால் அதற்குக் கொழும்பில் அமைப்பு மாற்றமும் மறுதொடக்கமும் தேவைப்படலாம்; கிளை நாள்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்தால், அனுப்பவேண்டிய பதிவேடுகள் கொழும்பின் வன்தட்டில் குவியும். 13ஆம் பதிப்பு முதல் அதற்கு உச்ச வரம்பு இடலாம், வரம்பு தாண்டினால் பிரதியை முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காவிட்டாலும். கொழும்புப் பயனரின் கடவுச்சொல் உங்கள் கிளைத் தரவுத்தளத்தில் மறைகுறியாக்கம் இன்றி இருக்கிறது. நீங்கள் எடுக்கும் பிஜி_டம்ப் காப்புக் கோப்பிலும் அது அப்படியே எழுதப்படும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டு திரிபவர்கள் இதை அறிந்திருப்பதில்லை. கிளைக்கென்று கொழும்பில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவையான காட்சிகளை வாசிக்கும் உரிமையை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். 5432ஆம் வாயிலைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடி, வயர்கார்ட் போன்ற தனியார் சுரங்க வழியாக இணையுங்கள்.

செய்யவேண்டிய ஒழுங்கில் முதலாவது அந்த எக்ஸ்பிளெய்ன் வெளியீடு. ‘ரிமோட் எஸ்கியூஎல்’ வரியில் 30 நாள் நிபந்தனை இல்லை என்றால் துணை வினவலாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அநேகமாக அன்றைக்கே வேலை முடிந்துவிடும். நிபந்தனை ஏற்கெனவே அதில் இருக்கிறது என்றால் என் முதல் ஊகம் பிழை. அப்படியானால் அந்த வெளியீட்டை முழுவதுமாகவும், இரு பக்கத்துப் பதிப்பு எண்களையும், பிங் நேரங்களையும் இங்கே இடுங்கள். சேவையக முகவரியும் கடவுச்சொல்லும் அதில் வரா என்றாலும், அட்டவணை, நிரல் பெயர்களை மாற்றிவிட்டு இடுவது நல்லது.